ஒருத்தனுக்கு ரெண்டு பேர்

மயிலாப்பூர் பிருந்தாவனம் அடுக்குமாடியில் வாடகைக்கு வீடு கிடைக்க இரண்டு தகுதிகள் வேண்டும். சைவமாக இருக்க வேண்டும், கல்யாணமாகியிருக்க வேண்டும். நொச்சிக்குப்பத்துச் சேரன் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டான், கட்டைப் பிரம்மச்சாரி வேறு. இருந்தாலும் அவனுக்கு வீடு கிடைத்தது. அவன் உயரம் ஆறடி நாலங்குலம்.

குடியிருப்புகளுக்கு இடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில் அந்தந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள்தான் ஆடலாம் என்பது விதி. போன வருடம் பிருந்தாவனம் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. முட்டிவலிக்காரர்களையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டு அணியை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பப் போவதாகச் சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் சபதம் போட்டார். அதற்கு முதல் செங்கல்தான் சேரன்.

அவன் ஆட ஆரம்பித்ததும் மற்ற கட்டடக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். எங்கள் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள், சேரனை எங்களிடம் குடியனுப்புங்கள் என்று பேரம். நங்கநல்லூர்க்காரர்கள் ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர் ஒருவரைத் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் மாநில அணிக்கு ஆடியவராம். எந்தக் காலம் என்று சொல்லவில்லை. தி.நகர்க்காரர்கள் காட்டிய பையன் பிரமாதமாக ஆடினான், அமெரிக்க விசா வரும்வரை ஆடுவானாம். ஸ்ரீனிவாசராகவன் எல்லாரையும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

ஆனால் கொஞ்ச நாளாக அவருக்குத் தூக்கம் போயிற்று. மூன்றாம் மாடி ஹம்சினி குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தபோது, பூட்டிய அந்த வீட்டிலிருந்து சேரன் வெளியே வந்ததை அவர் தம் கண்ணாலேயே பார்த்தார். அவன் கையில் ஒரு சாவிக்கொத்து. தனிக்கட்டைக்கு எதற்கு அத்தனை சாவி? கேட்டால் உஷாராகிவிடுவான் என்று கேட்கவில்லை. கட்டடத்தில் இதுவரை ஒரு துரும்பும் களவு போகவில்லை என்பதுதான் அவருடைய சந்தேகத்தைப் பலப்படுத்தியது. கைதேர்ந்தவன், பொறுத்திருந்து அடிப்பான்.

லாக்கர் வாடகை தண்டம் என்று மாமனார் போட்ட வெள்ளிச் சாமானையெல்லாம் வீட்டுப் பீரோவிலேயே வைத்திருப்பவர் அவர். மனைவி ஜெயலக்ஷ்மியோடு ஒரு வாரம் ஸ்ரீரங்கம் போவதாகவும் இருந்தது. இந்த நேரம் பார்த்துச் சேரன் லிஃப்டில் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், ஊருக்குப் போறீங்களாமே? வூட்ல யாரும் இருக்க மாட்டாங்களா?"

அவன் மேற்கொண்டு என்னவோ சொல்ல வந்தான். அதற்குள் ஸ்ரீனிவாசராகவன் முதல் மாடியிலேயே இறங்கி, மிச்சத்தை மூச்சிரைக்கப் படியேறிக் கடந்தார். கோப்பை போனால் போகட்டும், வெள்ளிக் குடம் போகலாமா?

அன்று சாயங்காலமே அடையாறு கட்டடச் செயலாளர் தங்கவேலுக்கு போன் போட்டார். சேரன் ஒருவனுக்குப் பதில் கிரீஷ், சாய்சரண் என்று அண்ணன் தம்பி இரண்டு பேரைத் தருவதாகத் தங்கவேல் முன்பே சொல்லியிருந்தார். ஆட்டம் சுமார்தான். ஆனால் நெற்றியில் பளிச்சென்று திருமண், காலையில் சந்தியாவந்தனம், பெரியவர்களைக் கண்டால் உடனே சேவிப்பு. பையன்கள் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"குடுத்தது குடுத்ததுதான். அப்புறம் இவன் இப்படி, அவன் அப்படின்னு போன் பண்ணிண்டு யாரும் வரப்படாது," என்றார் ஸ்ரீனிவாசராகவன் வெகு சாமர்த்தியமாக.

தங்கவேல் யோசிக்கக்கூட இல்லை, சரி என்றார். பாவம், அப்பாவி மனுஷன் என்று ஸ்ரீனிவாசராகவனுக்கு இரக்கமே வந்துவிட்டது.

சேரன் குடிவந்தபோது போலீஸ் படிவத்தோடு ஆதார் நகல் மூன்று வாங்கியவர், இந்தப் பையன்களின் நெற்றியைப் பார்த்ததும் அதெல்லாம் அபசாரம் என்று விட்டுவிட்டார். சேரன் மூட்டை கட்டிய அன்று கட்டடத்துப் பெண்கள் பாதிப் பேர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அசடுகள், தப்பித்தது தெரியாமல் கண்ணைக் கசக்குகிறார்களே என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பியபோது பீரோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு குங்குமச்சிமிழ்கூட மிச்சமில்லை. இன்னும் மூன்று வீடுகளில் இதே கதை. எந்தக் கதவும் உடைபடவில்லை. கிரீஷையும் சாய்சரணையும் மட்டும் காணவில்லை.

"ஊருக்குப் போனா நாங்கள்லாம் சேரன்கிட்டதான் சாவியைக் குடுத்துட்டுப் போவோம், மாமா. துளசிக்கு ஜலம் விடுவான்," என்று விசும்பினாள் ஹம்சினி. "அவன் போனப்பறம், நல்ல பசங்களாச்சேன்னு இவாகிட்ட குடுத்தோம்."

ஸ்ரீனிவாசராகவனும் கிரீஷ் கையில்தான் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறியிருந்தார்.

யாரும் போன் பண்ணக் கூடாது என்று தாமே போட்ட நிபந்தனை மறந்துபோய்த் தங்கவேலைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒரு பதற்றமும் இல்லை. முழுக்கதையையும் ஆற அமரக் கேட்டுவிட்டுத் தங்கவேல் சொன்னார்:

"அதுக்குள்ளயா சார்? எங்க பில்டிங்ல கை வைக்க ஆறு மாசம் எடுத்துக்கிட்டாங்களே."