மேஜை நடுவில் ஒரு போட்டோ

போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போன ஜீவானந்தம் பல மாதம் கழித்து இன்று மத்தியானம் திருச்செங்கோட்டு வீட்டுக்கு வருகிறான். ஏழாவது படிக்கிற மகள் யாழினி, செல்போனில் வீடியோ பார்த்துச் சாப்பாட்டு மேஜையை அலங்கரித்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுகிறாள். குழம்புச் சட்டியோடு வருகிற நர்மதா சமையலறை வாசலிலேயே நின்றுவிடுகிறாள். நீல விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்கிறது. மூன்று தட்டுகள், பக்கத்தில் முக்கோணமாக மடித்த கைத்துண்டுகள், கண்ணாடி டம்ளரில் செம்பருத்தி. நடுவில் அவள் கணவனின் போட்டோ. அதற்குச் சம்பங்கி மாலை போட்டிருக்கிறது, நெற்றியில் சந்தனப் பொட்டு, முன்னால் காமாட்சி விளக்கு எரிகிறது. ஜன்னல் வெயிலில் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். "அமாவாசைக்குத் தாத்தா போட்டோவுக்கு நீங்க வெக்கற மாதிரியே வெச்சிருக்கறேம்மா," என்கிறாள் யாழினி. நர்மதாவின் கையில் சட்டி சாய்ந்து குழம்பு காலில் சொட்டுகிறது, சுடுவதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. தோளில் பையோடு படியேறிய ஜீவானந்தம், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நிற்கிறான். "அப்பா, டேபிள் எப்படி இருக்குது?" அவன் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல் பையை இறக்கி வைக்கிறான். "நல்லா இருக்குது சாமி." விளக்கை வாயால் ஊதக் கூடாதென்று மகளை எத்தனையோ தடவை அதட்டிய நர்மதா, மேஜைக்கு வந்து குனிந்து ஒரே மூச்சில் ஊதி அணைக்கிறாள்.