அறுபது வயது மாத்திரை

அறுபது ஆனதும் எல்லோரையும் போலத்தான் தண்டபாணியும் அவர் மனைவி ருக்மணியும் இதய மாத்திரையைத் தொடங்கினார்கள். அது நெஞ்சைப் படபடக்க விடாது. மாரடைப்பு என்ற பேச்சே ஊரில் இல்லாமல் போயிற்று. அதைப் போட்டால் அழுகையும் வராது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் மேனகாவும் மருமகனும் கார் விபத்தில் இறந்தபோது, இருவர் கண்ணிலும் ஒரு சொட்டு நீர் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களே நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், குளியலறையில் தண்டபாணி தேம்புவதைக் கேட்டு ருக்மணி கதவைத் தள்ளினாள்.

"மாத்திரைய நிறுத்திட்டேன் ருக்கு. இப்பத்தான் புள்ள போனதே ஒறைக்குது. நீயும் நிறுத்திரு."

அவளுக்கும் அழ ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கூடத்தில் மேனகாவின் மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் நெஞ்சப் புடிச்சுட்டு விழுந்துட்டா, அந்தக் கொழந்தைய ஆருங்க பாப்பாங்க?"

ருக்மணி அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து, ஈரத் தரையில் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கும் சேத்து நீங்களே அழுதுருங்க," என்றாள்.