இறைக்கிற கிணறு

“சிஸ்டர், இன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க.”

ரத்த வங்கி நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். வள்ளல்தான் நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. கூப்பிடாமலே வந்து ரத்தம் கொடுப்பதால் அவளே வைத்த பெயர் அது.

காலையிலிருந்து நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்தது. பேசக்கூடத் தெம்பில்லை. “போன மாசம்தானே அண்ணே கொடுத்தீங்க? அதுக்குள்ள எடுக்கக் கூடாது. ஆள் சோர்ந்து போயிருவீங்க.”

“என்னைப் பார்த்தா சோர்ந்து போற ஆளாவா தெரியுது?”

தெரியவில்லைதான். ஐம்பதை நெருங்குகிற வயது. முன்பெல்லாம் இந்த மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியவர், இப்போது ஃபிரிட்ஜைத் தனியாளாய்ச் சுமக்கிறாராம். முகம் வெயிலில் நின்றவர்போல் சிவந்திருந்தது.

சொன்னால் கேட்கிற ஆளில்லை என்று விரலில் குத்திப் பார்த்தாள். துளி வழியாமல் குன்றிமணிபோல உட்கார்ந்துகொண்டது. கருவியில் ஹீமோகுளோபின் அளவு போன தடவையைவிடக் கூடுதல்.

“கொடுக்கக் கொடுக்கக் குறையணும். உங்களுக்கு ஏறிக்கிட்டே போகுதே!”

“இறைக்கிற கிணறுதானே ஊறும்” என்று சிரித்தவர், நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார்.

சத்து மாத்திரையில் காலம் தள்ளுகிற நர்ஸுக்குப் பொறாமையாக இருந்தது. மனசும் இளகியது.

“கூடப் பிறந்தவங்களுக்குக் கொடுக்கவே ஆயிரம் சாக்கு சொல்றாங்க. உங்க மனசு யாருக்கு வரும்? ஆனா மூணு மாசம் இடைவெளி விடணும்னு விதி இருக்கே. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க அண்ணே.”

வள்ளல் நகரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பைக் காணோம்.

“எடுத்துருங்க சிஸ்டர். யாருக்கும் ஏத்தக்கூட வேணாம். சாக்கடையில ஊத்தினாலும் சரி.”

“என்ன அண்ணே பேசறீங்க?”

“சின்னப் பசங்களோட சரிக்குச் சரி தூக்கலைன்னா என்னை நிறுத்திருவாங்க. அதான் ஜிம்முல ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கறேன். நோய் நொடி இல்லாத உடம்புல, அந்த ஊசியால ரத்தம் தாறுமாறா ஊறிக் கூழாட்டம் கெட்டியாயிருச்சு. எங்கயாவது அடைச்சா ஆளு காலின்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அப்போ இத்தனை நாள் நீங்க செஞ்ச தானம்?”

அவர் தலை குனிந்தார்.

“கொடுக்க வரல சிஸ்டர்… குறைக்க வந்தேன்.”