பின்மண்டைக் கோணல்

ஊரடங்கு முடிந்து கடைகளைத் திறந்தும் ஒரு ஈ காக்கா கூட நுழையவில்லை. பயம். அதனால் ஒவ்வொரு கடைக்கும் சேவைச் சங்கத்து ஆள் ஒருவர் முதல் வாடிக்கையாளராகப் போவது என்று ஏற்பாடு. சலூன், சங்கத் தலைவரின் தலையில் விழுந்தது.

"பின்னாடி யாரு சார் வெட்டினது? எலி கடிச்சு வெச்ச மாதிரி இருக்கு!" சொந்த ஊரிலிருந்து நேற்றுதான் திரும்பிய சலூன்காரர் முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார்.

"வீட்டுக்காரிதான். முன்பக்கம் மட்டும் வெட்டுப்பா. பின்னாடி தொடாதே."

"நல்லா இருக்கே! இந்தக் கோணலோட வெளிய போனீங்கன்னா அப்புறம் எவன் சார் என் கடைக்கு வருவான்? அக்கா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பெருமூச்சு விட்டார்.

"சரி, வெட்டு."

கத்தரி பின்கழுத்தைத் தொட்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"வலிக்குதா சார்?"

"இல்லப்பா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் வெட்டிவிட்டா. 'கோணலாயிடுச்சு, திரும்பி வந்து சரி பண்றேன்'னு சொல்லிட்டுத்தான் போனா."

கத்தரிச் சத்தம் நின்றது.

"நிறுத்தாதப்பா," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே. "வெளிய பாத்துட்டிருக்காங்க."