பத்துக்கு ஏழு

மீன் சந்தையில் மீன் வெட்டித்தரும் ஜெசிந்தாவுக்குக் கொலைகாரப் பெண்கள் வரும் ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் என்றால் உயிர். பன்னிரண்டு பாகத்தையும் பார்த்து முடித்தவள், பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த மரியபுஷ்பத்திடம் தீர்ப்புச் சொன்னாள்.

"பொண்ணுங்க சும்மா பறந்து பறந்து வெட்டுதுங்க. பத்துக்கு ஏழு குடுக்கலாம். வெட்டுறதுக்கு முன்னாடி ஆளோட பேரைக் கேக்குறாளுங்க பாரு, அங்கதான் மூணு மார்க்கு போச்சு. பேரு தெரிஞ்சா கை ஓடுமா?"

"நமக்கு அந்தத் தொல்லை இல்லக்கா. மீனுக்கு ஏது பேரு?"

அடுத்து வந்தவர் துள்ளும் விராலை நீட்டினார். ஜெசிந்தா சாம்பல் தடவி, அதன் தலையை இறுக்கிப் பிடித்து, அரிவாள்மணையருகே கொண்டுபோனாள். கை நின்றது. குனிந்து மெல்லக் கேட்டாள்:

"உன் பேரு என்ன?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜெசிந்தா மட்டும் பதிலுக்குக் காத்திருந்தாள்.