பங்களா வாசலில் அறுகிற செயின்

"இண்டைக்கும் செயின் அறுந்து போச்சோ?"

ஞானேஸ்வரி கேட்டது தன் புருஷன் தர்மராசாவை. மோட்டார் சைக்கிளைக் குவாட்டர்ஸின் பின்பக்கம் நிறுத்திவிட்டு, கரி படிந்த கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவத் தொடங்கினான்.

"ஓம். துரையின்ர பங்களா வாசலிலதான்," என்றான், வாளித் தண்ணீரைப் பார்த்தபடி.

"நேற்றும் அதே வாசல்தானே?"

"செயினுக்கு இடம் தெரியுமோ, ஞானேஸ்?"

அவர்களுக்குக் கலியாணமாகி ஒரு மாதம்தான். "மாப்பிள்ளை தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்" என்று சுன்னாகம் முழுக்கச் சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் வந்த நாள் தொட்டு அவள் அந்த வண்டியில் ஏறவும் இல்லை, குவாட்டர்ஸ் வாசலைத் தாண்டவும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் பயணம். பதுளையில் பெரியம்மா வீட்டில் புதுமணத் தம்பதிக்கு விருந்து.

பெரியம்மாவின் நாக்கு லேசுப்பட்டதல்ல. "மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தினம்" என்று அவள் ஒரு தரம் சொல்லிவிட்டால், அது அடுத்த ரயிலில் யாழ்ப்பாணம் போய்விடும்.

ஞானேஸ்வரிக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. அவளுடைய அப்பா சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பொம்மை கேட்டு அழுத வயதில் செயினைக் கையில் கொடுத்து அவளைச் சமாளித்தவர். அவருடைய மகள் வீட்டு வண்டியில் தினமும் செயின் அறுகிறதென்றால் அவர் பெயர் என்னாவது?

மறுநாள் வீடு கூட்ட வந்த இராக்கம்மாவும் சும்மா இருக்கவில்லை.

"இன்னிக்கும் கிளாக்கரய்யா பங்களா வாசல்ல வண்டியத் தள்ளிக்கிட்டுத்தாம்மா போறாங்க. அங்க வந்து பாருங்க..."

"தெரியும், தெரியும். நீ கூட்டுற வேலையைப் பார்," என்று ஞானேஸ்வரி அவள் வாயை அடைத்தாள். லயத்துத் தொழிலாளர்களெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதைக் காதாலும் கேட்க வேண்டுமா என்ன?

சனிக்கிழமை பின்னேரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உமக்கேன் உந்த ஊத்தை வேலை? நாளைக்குச் சந்திக்கு நடந்துபோய் பஸ் எடுப்பம்," என்றான் தர்மராசா.

"மோட்டச் சைக்கிளை வீட்டில வைச்சுப்போட்டு பஸ்ஸிலயோ? குறடு எங்க?"

செயினின் இரண்டு முனைகளையும் பூட்டியிருந்த கிளிப்பைக் குறட்டால் கழற்றினாள். செயினை உருவி மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். பிறகு துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தேயவில்லை.

"இது கல்லு மாதிரியெல்லோ இருக்கு. எப்பிடி அறுகுது?"

"கிளிப் கழண்டு விழுதாக்கும்," என்று அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப நீங்கள் அதை மாறிப் போட்டிருப்பியள். மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாக்கோணும். வாய்ப்பக்கம் பின்னுக்கு. எங்கட கடைப் படியில படுக்கிற நாய்க்கும் இது தெரியும்."

செயினை மாட்டி, கிளிப்பை அழுத்தி, பின்சக்கரத்தை இழுத்து இறுக்கி, எண்ணெய் விட்டு, சில்லைச் சுற்றிப் பார்த்தாள். செயின் சத்தமில்லாமல் ஓடியது.

"இனி இது அறுந்தால் நான் சைக்கிள் கடைக் கனகரத்தினத்தின்ர மகள் இல்லை," என்றாள்.

தர்மராசாவின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். பெண்சாதி கெட்டிக்காரியாக இருந்தால் சில ஆம்பிளைகளுக்குப் பிடிக்காதுதான் என்று அவள் மனதுக்குள் நொந்துகொண்டாள்.

ஞாயிறு காலை பட்டுச்சேலையும் பூவுமாகப் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். நமுனுகுல மலையில் பனி இன்னும் விலகவில்லை. வண்டி தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கியது. அவளுக்கு மனம் நிறைந்து போயிற்று.

பங்களா வாசல் வந்தது. வண்டி நின்றது.

"என்ன?"

"செயின்," என்று சொல்லி அவன் இறங்கிக் குந்திவிட்டான்.

ஞானேஸ்வரிக்குக் கோபம் தலைக்கேறியது. குதித்திறங்கிக் குனிந்து பார்த்தாள். அவள் பூட்டிய செயின் பூட்டியபடியே இருந்தது. கிளிப் இம்மியும் அசையவில்லை.

நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நிமிர்ந்தவள் பாதையைப் பார்த்தாள். எதிரே சைக்கிளில் வந்த கணக்கப்பிள்ளை, பங்களா மதில் தொடங்கும் இடத்தில் தொப்பென்று இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வந்தார். அவருக்குப் பின்னால் தேயிலை ஆலை டீமேக்கரும் தன் மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டுத் தள்ளினார். வராந்தாவில் வெள்ளைக்காரத் துரை சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, பேப்பருக்கு மேலால் ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த மதில் முடியும் வரைக்கும் தோட்டத்து ஆள் எவனும் வண்டியில் ஏறிப் போகக்கூடாது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை பேரும் துரைக்காக இறங்குகிற இடத்தில், அவள் புருஷன் ஒருத்தன் மட்டும் ஒரு மாதமாகச் செயினுக்காக இறங்கிக்கொண்டிருக்கிறான்.

"என்னங்க கிளாக்கரய்யா, இன்னிக்குமா?" என்று கேட்டார் பக்கத்தில் வந்த கணக்கப்பிள்ளை.

தர்மராசா வாய் திறக்குமுன் ஞானேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"ஓம் ஐயா, அறுந்துதான் போச்சு. நான்தான் கிளிப்பை மாறிப் போட்டிட்டன்," என்றாள் சைக்கிள் கடைக்காரர் மகள், வராந்தா வரைக்கும் கேட்கும்படி.