டட்டில் பண்ணைக்கு எத்தனை மார்க்கு?

“பொய் சொல்லி வீட்டை விக்கிற வேலை என்கிட்ட ஆகாது, வெர்னா.”

“பொய் சொல்ல வேண்டாம். வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்னுதான்…”

“ஆறு வாரம் பனியில அடைஞ்சு கிடப்போம்னு சொல்லத்தான் போறேன்.”

“சொல்லு, சொல்லு. போன மாசம் வந்தவங்களையும் அப்படித்தானே ஓட விட்ட?”

மலைப்பாதையில் கார் தெரிந்தது. இருவரும் சிரித்த முகமாக வாசலுக்கு வந்தார்கள்.

பாய்சி நகரத்தில் லிஃப்ட் வைத்த ஒரு குடியிருப்பு, சாயந்திரமானால் சீட்டாட நாலு பெண்கள். வெர்னாவின் ஆசை அவ்வளவுதான். ஆள் வந்தால் டட்டில் பண்ணையை விற்கிறேன் என்று அவள் கணவர் ஆர்வில் வாக்குக் கொடுத்திருந்தார். வந்த ஆளை நிற்க விடுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

இறங்கியவர்கள் போர்ட்லண்டிலிருந்து வந்த இளம் தம்பதி, டெரிக்கும் மேகனும். டெரிக் கையில் ஒரு பட்டியலும் பேனாவும் இருந்தன.

“நாளைக்கே உலகம் கவுந்தாலும் யார் தயவும் இல்லாம பொழைக்கணும்” என்றான். “அதுக்கு இந்த மாவட்டம் தேறுமான்னு பாக்க வந்தோம். பத்துக் கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க்கு. எங்களை மாதிரி ஆளுங்க எல்லாரும் இதை வெச்சுத்தான் இடம் தேடறாங்க. செல்போன் எடுக்குமா?”

“நல்லா…” என்று தொடங்கினாள் வெர்னா.

“மலை உச்சிக்கு ஏறணும்” என்று ஆர்வில் முந்திக்கொண்டார். “ஏறினாலும் எடுக்காது.”

மேகன் முகம் மலர்ந்தது. “அப்ப யாராலயும் நம்மைக் கண்டுபிடிக்க முடியாது. பத்து போடு.”

ஆர்வில் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி?”

“ரெண்டரை மணி நேரம். அதுவும் பாலம் இருந்தா.”

“பாலம் இல்லாமப் போகுமா?”

“வருஷா வருஷம் ஆத்தோட போகும்.”

“அப்ப வெளியாளுங்க உள்ள வர முடியாது. பத்து.”

“கரடி உண்டு” என்றார் ஆர்வில், கேட்காமலேயே. “போன வாரம் கோழிக்கூண்டைத் தூக்கிட்டே போச்சு.”

“கறி வீடு தேடி நடந்து வருது, மேகன். பத்து.”

“கிணத்துத் தண்ணியில ஒரே இரும்பு வாடை.”

“வத்துமா?”

ஆர்வில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “வத்தாது” என்று முனகினார். அதற்கும் பத்து.

இப்படியே ஒன்பது கேள்வி முடிந்தது. ஒன்றில்கூட ஒரு மார்க்கும் குறையவில்லை. ஆர்வில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கடைசிக் கேள்வி, அக்கம்பக்கம்” என்றான் டெரிக். “இதுலதான் எல்லா மாவட்டமும் அடிபடுது.”

“ஏழு மைல் தள்ளி கெர்மிட்டுன்னு ஒருத்தன். வண்டியில எதிர்ல வந்தா ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்குவான். அதோட சரி.”

“ஒரே ஒருத்தர். அவரும் பேச மாட்டார்.” மேகனுக்குக் கண் கலங்கிவிட்டது. “மனுஷ வாடையே இல்லாத இடம், டெரிக்.”

டெரிக் இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். “நூத்துக்கு நூறு. எங்க கையெழுத்து போடணும்?”

ஆர்வில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா பூரித்துப்போய் மேகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முழு மார்க்கா? அப்ப இந்தப் பட்டியல் வெச்சிருக்கிற அத்தனை பேரும் இங்கதான் குடி வருவாங்க கண்ணு, உனக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இருக்காது.”